நாலாவது பெட்டியின் சிவப்பு விளக்கு

க்ர்ர்ர்ர்...

கார்டு அறையில் பஸ்ஸர் அலறியது.

இரவு மணி ஒன்பது நாற்பத்தேழு. ஓலக்காட்டுப்புதூர் ஹால்ட். ஒரு பக்கம் அறுத்து முடித்த சோளக்காடு. மறுபக்கம் மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை. நடுவில் ஒரு பிளாட்பாரம். எட்டு ட்யூப் லைட்டில் மூன்றுதான் எரியும். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் கொடுக்கிறவரும் எட்டு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கடைசிப் பெட்டியின் கடைசி மூலையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார் கார்டு சகாயராஜ். எதிரே பலகையில் எட்டுப் பெட்டிக்கும் எட்டு விளக்கு. ஏழு பச்சை. நாலாவது மட்டும் சிவப்பு.

பஸ்ஸரும் நாலாவது பெட்டியிலிருந்துதான். அவசரம் என்றால் பயணிகள் பொத்தானை அழுத்திக் கார்டோடு பேசுகிற கருவி அது. ரிசீவரை எடுத்தார்.

"யாரு? என்ன வேணும்?"

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. ரொம்ப தூரம் ஓடி வந்து நின்றவர் விடுகிற மூச்சு...

"அண்ணா, நிறுத்துங்ணா," என்றாள் சித்ரகலா. "காலைல அஞ்சரை வண்டிலதான் நான் ஊட்டுக்குப் போகோணும். அது தெரிஞ்சுட்டே இதச் சொல்றீங்களா?"

ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மூன்றாவது மாடி. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. டீசல் வாங்கப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை. நைட் ஷிப்டில் இருந்த பத்துப் பேரும் கட்டிங் பண்டல்கள் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு ஒரே ஒரு செல்போன். அதையும் அயர்ன் மாஸ்டர் பிரதீப் தன் தாடைக்குக் கீழே பிடித்துப் பல்லைக் காட்டி இரண்டு பெண்களைக் கத்த வைத்ததால், பிடுங்கித் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கதை சொன்னவர் பேக்கிங் சூப்பர்வைசர் சரவணக்குமார்.

"கதையெல்லாம் இல்லம்மா. எங்க சின்ன மச்சான் ரயில்வேல இருக்கறாருல்ல? அவரும் இந்தச் சகாயராஜும் ஒரே பேட்ச். மச்சான்கிட்ட அவரே உக்காந்து சொன்னது."

"பேய் டிக்கெட் எடுத்துச்சுங்களாண்ணா?" என்றான் பிரதீப்.

"சீசன் பாஸு," என்றார் சரவணக்குமார். அவர் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் தொடர்ந்தார்.

அது புதிதாக விட்ட லோக்கல். கதவெல்லாம் தானாக மூடும், தானாகத் திறக்கும். கார்டு ஒரு பொத்தானை அழுத்தினால் எட்டுப் பெட்டியிலும் கதவுகள் ஒன்றாக மூடும். ஒழுங்காக மூடினால் விளக்கு பச்சை. ஏதாவது ஒரு கதவில் காலோ பையோ மாட்டியிருந்தால் கதவு தானே திறந்துகொள்ளும், அந்தப் பெட்டிக்குச் சிவப்பு. சிவப்பு இருக்கிறவரை டிரைவர் தலைகீழாக நின்றாலும் வண்டி நகராது. எட்டும் பச்சையானால் கார்டு இரண்டு மணி அடிப்பார். டிங் டிங். வண்டி கிளம்பும். மனிதன் அசந்தாலும் கம்ப்யூட்டர் அசராது என்று சொல்லித்தான் அந்த வண்டியை விட்டார்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அது பனியன் கம்பெனிப் பெண்களின் வழக்கம்.

தையலில் ஒரு டேபிள் என்றால் பன்னிரண்டு பேர். ஒருத்தி தோள் மூட்டுவாள், ஒருத்தி கழுத்துப் பட்டி வைப்பாள், ஒருத்தி அடி மடிப்பாள். ஒருத்தி வராவிட்டால் பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கு வேலை கெட்டது. அதனால் வரும்போதும் ஒன்றாக, போகும்போதும் ஒன்றாக. ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்கள் கிளம்புகிற பேச்சே கிடையாது.

ஓலக்காட்டுப்புதூர் கம்பெனிப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டிங் வேஸ்ட்டில் ஒரு கஜம் பனியன் துணி. அதை முறுக்கிக் கயிறாக்கிக் கதவின் குறுக்கே பிடித்துக்கொள்வது. கதவு வந்து இடிக்கும், முறுக்குத் துணி தடுக்கும், திறந்துகொள்ளும். மறுபடி வரும், இடிக்கும், திறக்கும். அதற்குள் ஓடி வருகிறவள் வெளியே தொங்குகிற முனையைப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இருப்பவள் ஒரே இழுப்பில் ஏற்றிவிடுவாள். ரயிலுக்கு வால் போடுவது என்று அதற்குப் பெயர்.

"நாங்களும்தான் போடறமுங்க," என்றாள் சித்ரகலா மெதுவாக.

"எல்லாரும் போடறதுதான். அதான் சொல்றேன், கேளு."

போன ஐப்பசி, இதே வண்டி. விடாத மழை. கடைசி டஜனுக்குக் கழுத்துப் பட்டி வைத்து முடிக்க வேண்டியிருந்ததால் ஜெயசுதா என்கிற பெண் ஐந்து நிமிஷம் பிந்திவிட்டாள். மற்ற பதினொரு பேரும் நாலாவது பெட்டியில் ஏறியாயிற்று. கதவருகே வால் பிடித்துக்கொண்டு நின்றவள் அன்புசெல்வி. காங்கேயம் பக்கத்துப் பெண். ஜெயசுதாவுக்குப் பக்கத்து மிஷின்.

கதவு மூன்று முறை வந்து இடித்துத் திரும்பியது. வண்டி ஏற்கெனவே ஆறு நிமிஷம் லேட். கார்டு சகாயராஜ் மைக்கில் கத்தினார்.

"நாலாவது பெட்டி! கதவை விடுங்க. போலீஸை வரச் சொல்லவா?"

அன்புசெல்வி பயந்துவிட்டாள். முறுக்கைத் தளர்த்திக் கையை எடுத்துவிட்டாள். ஆனால் அதற்குள் ஜெயசுதா வந்து சேர்ந்திருந்தாள். வழக்கம்போல வாலைப் பிடித்து, மழையில் வழுக்காமல் இருக்க மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கதவு மூடியது.

பனியன் துணி எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முறுக்கினால் கயிறு. பிரித்து இழுத்தால் காகிதத்தை விட மெல்லிசு. அந்த மெல்லிசு கதவின் ரப்பருக்கு உறைக்கவில்லை. துணியைக் கவ்விக்கொண்டு ஒழுங்காக மூடிவிட்டதாகவே அது நினைத்தது.

நாலாவது விளக்கு பச்சை. எட்டும் பச்சை. டிங் டிங்.

அங்கிருந்து பிளாட்பாரத்தின் முனை எண்பது மீட்டர்.

சரவணக்குமார் நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். கீழே தெருவில் ஒரு நாய் விட்டு விட்டுக் குரைத்துக்கொண்டிருந்தது.

"கார்டுக்கு முன்னால டிவி இருக்குமுல்லங்ணா?" என்றான் பிரதீப். இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "பிளாட்பாரம் பூரா தெரியுமே?"

"இருந்துச்சு. அந்த நேரத்துல நடக்கறதக் காட்டும், அவ்வளவுதான். பதிவாகாது. கேமரா மேல மழைத் தண்ணி, ஒண்ணுமே தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"அப்ப அவரு மேல தப்பில்ல."

"பச்சை விளக்கு எரிஞ்சுது. கம்ப்யூட்டர்லயும் கதவு மூடியாச்சுன்னுதான் இருக்குது. சட்டப்படி அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

"பின்ன யாரு மேல?"

யார் மேல்? வால் போட்டவள் மேல்தான். ஓடுகிற வண்டியின் கதவுக்கு இடைஞ்சல் செய்து ஓர் உயிர் போகக் காரணமானவள் என்று அன்புசெல்வி மேல் கேஸ். டேபிளில் இருந்த மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களும் நேற்று வரை வால் போட்டவர்கள்தானே, பயம். எந்தக் கம்பெனியிலும் அவளை உட்கார வைக்கவில்லை. ஜெயசுதாவின் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். 'கொன்னவ' என்று தெருக் குழந்தைகள்கூடச் சொன்னார்கள்.

துறை விசாரணையின் கடைசி வாக்குமூலம் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைக்கப்பட்டது. அன்றைக்குக் கார்டு வந்து, 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று இன்னொரு தரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதோடு முடிந்தது. அவருக்கு வேலை நிற்கும். அவளுக்கு ஜெயில்.

சகாயராஜுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சிவகங்கைப் பக்கமிருந்து வந்து, இங்கே வாடகை வீட்டில் இருந்து, பரீட்சை எழுதி வாங்கிய வேலை. குடி கிடையாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மார்கழிக் கடைசியில் அவரைத் திரும்ப அதே வண்டிக்குப் போட்டார்கள்.

முதல் நாள் இரவு. ஒன்பது நாற்பத்தேழு. ஓலக்காட்டுப்புதூர். ஏறினவர்கள் நாலு பேர். கதவை மூடினார். ஏழு பச்சை. நாலாவது சிவப்பு.

மறுபடி திறந்து மூடினார். சிவப்பு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தார். ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். நாலாவது பெட்டியின் இரண்டாவது கதவு மட்டும் ஒரு சாண் திறந்து நின்றது. எதுவும் மாட்டியிருக்கவில்லை. கையால் தடவினார். கதவின் ரப்பர் விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. பஞ்சு. தையல்காரப் பெண்களின் தலைமுடியில், புருவத்தில் எல்லாம் சாயங்காலம் படிந்திருக்குமே, அந்தத் தூசிப் பஞ்சு.

துடைத்தார். கதவு மூடிக்கொண்டது.

விரல் மட்டும் ஈரமாக இருந்தது. மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது.

இரண்டாவது நாள்தான் பஸ்ஸர். அந்த மூச்சு.

மூன்றாவது நாள் மூச்சுக்குப் பின்னால் வேறு ஒரு சத்தமும் கேட்டது. சரக்... சரக்... சரக்... ஈரச் செருப்போடு சிமெண்டில் ஓடுகிற சத்தம். சகாயராஜ் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. திரும்பக் காதில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது நாள் குரல்.

பெண் குரல். கோபமில்லை. அழுகையில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் வெளியாட்களிடம் பேசுவார்களே, அத்தனை மரியாதை.

"ஏனுங்க... பாத்தீங்களாங்க?"

"யாரும்மா நீ?"

"பாத்தீங்களாங்க?"

"இல்ல," என்றார். உடனே நாலாவது விளக்கு பச்சையானது. வண்டி கிளம்பியது.

அன்புசெல்விதான், என்று நினைத்துக்கொண்டார். யாரையோ கூட்டி வந்து பயம் காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே. காட்டட்டும்.

மறுநாள் குரல் கேட்டது. "இல்ல" என்றார். அதற்கு மறுநாளும் "இல்ல" என்றார். சொன்னதும் எல்லாம் பச்சையாகும், ஆனால் ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் மறுநாள் ஒரு சிவப்பு கூடியது. நாலாவது மட்டும் இருந்த இடத்தில் நாலும் ஐந்தும். அப்புறம் மூன்றும் நாலும் ஐந்தும். மெக்கானிக்குகள் பகலில் வந்து ஷெட்டில் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சென்சார் சரி, வயர் சரி, ரப்பர் சரி. பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகையே மாட்டினார்கள். அன்று இரவு ஆறு சிவப்பு.

டிரைவர் அருண்பாண்டி முன்னாலிருந்து போனில் கேட்டான். இளைஞன், துடுக்கானவன்.

"அண்ணே, எதுக்கு நிக்கிறோம்? மணி அடிங்கண்ணே."

"ஆறு சிவப்பு இருக்குடா."

"என்னண்ணே சொல்றீங்க? எனக்கு எட்டும் பச்சையாக் காட்டுது."

ஒரே வண்டி. ஒரே கம்ப்யூட்டர். முன்னால் பச்சை, பின்னால் சிவப்பு.

"அண்ணே, கண்ணாடி மாத்துங்கண்ணே. வயசாயிருச்சு," என்றான் அவன்.

மெமோ வந்தது. தினமும் மூன்று நிமிஷம் தாமதம், காரணம் என்ன? என்ன எழுதுவார்? வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி படுத்தால் காதுக்குள் சரக், சரக். அவருடைய மனைவி பாதிரியாரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினாள். பாதிரியார் போகும்போது வாசலில் நின்று கேட்டாராம்: "மனசுல எதுவும் வச்சிருக்கீங்களா, சகாயம்?" ஒன்றுமில்லை ஃபாதர், என்றார் இவர்.

அன்று இரவு ஏழு சிவப்பு.

"எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு," என்றாள் சித்ரகலா. பக்கத்தில் இருந்தவளின் துப்பட்டாவை இழுத்துத் தன் தோளிலும் போர்த்திக்கொண்டாள்.

பிரதீப் எழுந்து போய் மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வாக்குமூலம்.

ஒன்பது நாற்பத்தேழு. வண்டி நின்றது. கதவு திறந்தது. இறங்கினவர் இரண்டு பேர். ஏறினவர் யாருமில்லை. சகாயராஜ் கார்டு அறைக் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். அந்த ஒரு கதவு மட்டும் கையால் இழுத்து மூடுவது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதவுக்கு நேர் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். சகாயராஜ் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க. நான் அன்புசெல்விங்க," என்றாள்.

இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். கையில் ஒரு பை. அதில் வக்கீல் கொடுத்த காகிதங்கள்.

"இத்தனை நாளா நீதான போன் அடிக்கிற?" என்றார் அவர்.

"என்ன போனுங்க?" அவளுக்குப் புரியவில்லை. "நான் அந்தத் தேதிக்கு அப்புறம் இந்தப் பக்கமே வரலீங்க. இன்னிக்குத்தான் வந்தேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றனுங்க."

சகாயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்க மைக்குல கத்துன ஒடனே நான் துணிய விட்டுட்டனுங்க. அவளும் விட்டிருப்பா. சுத்துன கை, விடமுடியல. கதவு புடிச்சுக்கிச்சு. நான் உள்ளார இருந்து கதவத் தட்டுனேன், கத்துனேன். உங்க டிவில அவ ஓடறது ஒரு துளியாச்சும் தெரிஞ்சிருக்குமுங்க. தெரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும், வண்டிய நிறுத்தியிருக்கலாமுன்னு ஆயிரும், எம்மேல கேஸ் நிக்காதுன்னு வக்கீல் சொல்றாருங்க. கொஞ்சம் நெனச்சுப் பாருங்க சார்."

"மழை, தங்கச்சி. திரை பூரா தண்ணி. நான் என்னத்தப் பார்த்தேன்னு சொல்ல?"

அவள் கெஞ்சவில்லை. சாபம் விடவில்லை. "சரிங்க," என்றாள். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் சரிவில் இறங்கி, ரோட்டுக்குப் போகிற மண் பாதையில் நடந்தாள். சகாயராஜ் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் செல்போன் வெளிச்சம் சோளக்காட்டு ஓரமாகச் சின்னதாகிக்கொண்டே போனது.

கதவை இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார்.

வண்டி முழுக்கக் கதவுகள் மூடுகிற சத்தம். எட்டு விளக்கும் சிவப்பு.

க்ர்ர்ர்ர்...

ரிசீவரை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். தூரத்தில் அன்புசெல்வியின் வெளிச்சம் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் நாலாவது பெட்டியில் யார்?

பஸ்ஸர் நின்றது. அறைக்குள் ஒரு வாடை பரவியது. புதுத் துணி வாடை. அதோடு மிஷின் எண்ணெய். அதோடு, நனைந்த தலைமுடி.

டிங்... டிங்.

அவர் மணியைத் தொடவில்லை. கை இரண்டும் மடியில் இருந்தன.

முன்னால் அருண்பாண்டிக்கு எட்டும் பச்சை. மணியும் கேட்டாயிற்று. அவன் எடுத்துவிட்டான். எட்டுச் சிவப்பு விளக்கோடு வண்டி நகர ஆரம்பித்தது.

சகாயராஜ் டிவியைப் பார்த்தார். திரை பளிச்சென்று இருந்தது. மழை இல்லை, தூசி இல்லை. காலிப் பிளாட்பாரம். அதில், நாலாவது பெட்டியை ஒட்டி யாரும் இல்லை. ஐந்தாவதை ஒட்டி யாரும் இல்லை. ஆறு, ஏழு... எட்டாவது பெட்டியின் கடைசியில், கார்டு அறைக்கு வெளியே, ஓர் உருவம் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை முன்னால் நீண்டிருந்தது. கையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு.

சரக் சரக் சரக்... இப்போது போனில் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே கேட்டது.

அவர் மெல்லத் திரும்பித் தன் கதவைப் பார்த்தார்.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில், ஒரு துண்டு பனியன் துணி மாட்டியிருந்தது. உள்ளே இரண்டு விரற்கடை. மற்றதெல்லாம் வெளியே. வெளியிலிருந்து அதை எதுவோ இழுத்துக்கொண்டிருந்தது. துணி விறைத்து, நீண்டு, மெலிந்துகொண்டே போனது.

பிரேக்கை இழுத்தார். இரண்டு கையாலும் தொங்கினார்.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. உள்ளே யாரோ விழுந்தார்கள். யாரோ திட்டினார்கள். பிளாட்பாரத்தின் முனைக்கு ஐந்தடி இருந்தது. முன்னாலிருந்து அருண்பாண்டி போனில், "அண்ணே! என்னாச்சுண்ணே?" என்று கத்தினான்.

வண்டி நின்றுவிட்டது. ஓடுகிற சத்தமும் நின்றுவிட்டது. துணி மட்டும் தளரவில்லை. விறைத்தபடியே இருந்தது.

சகாயராஜுக்குக் கதவைத் திறக்கத் தைரியமில்லை. கத்தரிக்கோலைத் தேடினார். பையில் இருந்தது. துணியின் மேல் வைத்தார். வெட்ட முடியவில்லை. துணி சூடாக இருந்தது. அதற்குள், நாடி பிடித்தால் தெரியுமே, அதுபோல ஒரு துடிப்பு இருந்தது. ஒன்று... ஒன்று... ஒன்று... விட்டு விட்டு, குறைந்துகொண்டே.

க்ர்ர்ர்ர்...

இந்தத் தடவை நாலாவது பெட்டி இல்லை. எந்தப் பெட்டியின் எண்ணும் பலகையில் எரியவில்லை.

அந்தக் கருவியில் யார் என்ன பேசினாலும் அப்படியே பதிவாகும். அழிக்க முடியாது. மறுநாள் காலை பத்து மணிக்கு மேஜை மேல் வைத்துப் போட்டுக் கேட்பார்கள். அது அவருக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளின் முகமும் ஒரு கணம் வந்து போனது. மண் பாதையில் அந்த வெளிச்சம் நின்றிருந்தது. பிரேக் சத்தம் கேட்டு அவள் திரும்பிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

ரிசீவரை எடுத்தார்.

"ஏனுங்க... பாத்தீங்களாங்க?"

சகாயராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தேன் தாயி. மழையெல்லாம் ஒண்ணும் மறைக்கல... நீ ஓடி வந்ததையும் பார்த்தேன், கேமராவ நிமிந்து பார்த்து, ஒத்தக் கையால என்னையக் கும்பிட்டதையும் பார்த்தேன்."